கொழும்புச் சதுப்பில பலகை நடைபாதை திருத்தப் போறீங்களா? மார்ச் இடி மழைக்கு முன்னால முடிக்கிற வழி

பனி கொட்டுற நாடுகள்ல வொலண்டியர்மார் ட்ரெயில் (காட்டு நடைபாதை) திருத்துற வேலைக்கு வின்டரத் தான் பிடிச்சுக் கொள்ளுவாங்க, ஏனென்டா அந்த நேரம் நடக்க வாற ஆக்கள் குறைவு, பத்தை வளராது, இலை எல்லாம் கொட்டிப் போய் பாதைட எலும்பு முழுக்க கண்ணுக்குத் தெரியும். நிலம் உறைஞ்சு போனா தோண்ட ஏலாது, அப்ப ஷெட்டுக்குள்ள இருந்து பலகை வெட்டுறது, சைன் போர்ட் செய்யிறது என்டு வேலையை மாத்திக் கொள்ளுவாங்க. எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல, கொழும்பில ஜனவரி விடியக்காலம் ஒரு மெல்லிய குளிர் வரும், அதுக்கே அம்மாமார் பிள்ளையளுக்கு தொப்பி போட்டு விடுவாங்க, அவ்வளவு தான். ஆனா வேலை செய்யிறதுக்கு ஒரு சீசன் எங்களுக்கும் இருக்கு. ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரம் பின்னேரம் இடி மழை, டிசம்பர்ல கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஜனவரி பெப்ரவரி ரெண்டும் தான் வருசத்திலயே மழை குறைஞ்ச மாசங்கள், மார்ச் நடுவில திரும்ப பின்னேர இடி தொடங்கி ஏப்ரல்ல நல்லா பிடிச்சு மே மாசம் தென்மேற்குப் பருவக்காத்தோட ஒரேயடியா ஊத்தும்.

அதால மரமும் மண்ணும் காயிற நேரம் என்டு பாத்தா கிட்டத்தட்ட பத்து வார இறுதி தான் கைல இருக்கு. அதிலயும் தைப்பொங்கல், துருத்து போயா (பௌர்ணமி லீவு), பெப்ரவரி 4 சுதந்திர தினம், நவம் போயா என்டு கழிச்சுப் பாருங்க. நவம் பெரஹெர ஊர்வல நாள்ல கங்காராம விகாரைப் பக்கம் ரோட்டு மூடுவாங்க, சாமான் ஏத்தின லொறிய அந்தப் பக்கம் விடுற பிளான் போடாதீங்க. இப்ப தான் விளங்கும், ஜனவரி மாசம் வந்தாப் பிறகு "என்ன செய்வம்" என்டு கூட்டம் வைக்கிற குழு அந்த வருசம் ஒண்டும் செய்யாது. ஜனவரில கை வேலை மட்டும் தான் நடக்கணும், யோசிக்கிறது, அனுமதி எடுக்கிறது, சாமான் வாங்கிறது எல்லாம் அதுக்கு முன்னால.

நவம்பர் மழைக்குள்ள குடையோட போங்க

கன பேர் விடுற பிழை இது தான், வெயில் அடிக்கிற நாள் போய் பாதையைப் பாத்துட்டு, உடைஞ்ச பலகையை எண்ணிட்டு, லிஸ்ட் போட்டுட்டு வாறது. பலகை ஏன் உக்கினது என்டு வெயில்ல தெரியாது. பாதையைக் கெடுக்கிறது நடக்கிற ஆக்கள் இல்ல, தண்ணி. அந்தத் தண்ணி எங்கால வருது, எங்க நிக்குது, எந்தப் பக்கம் போகப் பாக்குது என்டு மழை பெய்யிற நேரம் போய் நிண்டு பாத்தா அரை மணித்தியாலத்தில எல்லாம் விளங்கிடும். மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு திரும்ப ஒருக்கா நடந்து பாருங்க, அப்பவும் தேங்கி நிக்கிற இடம் தான் உங்கட முதல் வேலை. ஃபோன்ல வீடியோ எடுத்து வைங்க, ஜனவரில அதே இடம் காஞ்சு போய் ஒண்டும் நடக்காத மாதிரி அப்பாவியா கிடக்கும்.

மழையில போக ஏலாமப் போச்சா, பரவால்ல, அடையாளம் இருக்கும். பாதைக்குக் குறுக்கால இலையும் சுள்ளியும் ஒரு கோடு மாதிரி ஒதுங்கி இருந்தா தண்ணி அவ்வளவு தூரம் வந்து நிண்டிருக்கு. வேர் வெளில தெரிஞ்சா மேல் மண் அடிச்சுக் கொண்டு போயிட்டுது. மெல்லிய மணல் விசிறி மாதிரி பரந்து கிடந்தா தண்ணி அதில வேகம் குறைஞ்சிருக்கு, அங்க தான் கான் அடைபட்டிருக்கும். பாதைட நடுவில சேறு என்டு ஆக்கள் ஓரத்தால நடந்து நடந்து பாதை ரெண்டு மடங்கு அகலமாகி இருந்தா, நடுவில கல்லுக் கொட்டுறதுக்கு முன்னம் அந்தச் சேத்துக்கு தண்ணி எங்கால வருது என்டு தேடுங்க.

பாக்கப் போற நேரமே பலகைக்கு நம்பர் போடுங்க. வாசல்ல இருந்து எண்ணி ஒவ்வொரு பத்தாவது பலகைட ஓரத்திலயும் எனாமல் பெயின்ட்டால சின்னதா ஒரு இலக்கம். பிறகு "அந்த வளைவுக்கு அங்கால, குருவி பாக்கிற இடத்துக்கு கொஞ்சம் முன்னால ஒரு பலகை ஆடுது" என்டு வட்ஸ்அப் குரூப்பில கதை அளக்கத் தேவையில்ல, "140க்கு அடுத்த மூண்டாவது" என்டா முடிஞ்சுது.

யார்ட இடம், யார்ட கையெழுத்து

கொழும்பு 2018ல ராம்சார் (ஈரநிலங்களைப் பாதுகாக்கிற உலக உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ட அங்கீகாரம் வாங்கினது, உலகத்தில முதல் முதலா அது கிடைச்ச 18 நகரங்கள்ல எங்கடதும் ஒண்டு. பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்கள் மாதிரி இடங்கள்ல பலகைப் பாதைல நடந்து கொண்டே கொக்கும் தாராவும் பாக்கக் கூடியதா இருக்கு. ஆனா ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு ஆக்கள்ட பொறுப்பு. ஒண்டு நகர அபிவிருத்தி அதிகார சபை, இன்னொண்டு காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், பெல்லன்வில அத்திடிய என்டா அது 1990ல இருந்து சரணாலயம், வனசீவராசிகள் திணைக்களம் தான். வாய்க்கால் ஓர நடைபாதை என்டா மாநகர சபையா, நகர சபையா என்டு விசாரிக்கணும். நல்ல மனசோட தானே போறம் என்டு சுத்தியலும் ஆணியும் எடுத்துக் கொண்டு நீங்களா போய் இறங்க ஏலாது, சரணாலயத்துக்குள்ள ஒரு கொப்பு வெட்டினாலே சட்டப் பிரச்சினை.

கடிதம் சிங்களத்திலயும் ஒரு பிரதி வச்சுக் கொடுங்க, வேலை கெதியா நகரும். கடிதத்தில "பராமரிப்புக்கு உதவ விரும்புறம்" என்டு பொதுவா எழுதினா அது மேசைக்கு மேசை மாறிக் கொண்டே இருக்கும், ஒரு அலுவலகத்தில எங்கட கடிதத்துக்கு பதில் வந்த நேரம் அடுத்த மழை தொடங்கிட்டுது. எந்தப் பலகை, எத்தினை பலகை, என்ன மரம், எந்தத் திகதி, எத்தினை பேர், கழிவு மரம் எங்க போகும், இப்பிடி எழுதுங்க. ஃபோட்டோ ஒட்டுங்க. அங்க வேலை செய்யிற வோச்சர் அண்ணாமாரோட முதல்லயே கதையுங்க, எந்தப் பக்கம் முதலை வெயில் காயும், எந்த மரத்தில குளவிக் கூடு இருக்கு என்டு கையெழுத்துப் போடுற ஆளுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விசயம், எங்களுக்கு வேலை செய்ய வசதியான இந்த மாசங்கள்ல தான் வெளிநாட்டுப் பறவைகளும் இஞ்ச வந்து நிக்கும். செப்டம்பர் ஒக்டோபர்ல வந்தா ஏப்ரல் வரைக்கும் இருக்கும். அதால மெஷின் வாள், கிரைண்டர் எல்லாம் பாதைக்குள்ள கொண்டு போக வேணாம், வெட்டுறதை கார் பார்க் பக்கம் வெட்டி தூக்கிக் கொண்டு போங்க. பின்னேரம் நாலு மணிக்கு சாமான் கட்டத் தொடங்குங்க, பொழுது பட்டா அந்த இடம் மீன்பிடிப் பூனைக்கும் நீர்நாய்க்கும் சொந்தம்.

முதல் நாள் பலகையைத் தொடாதீங்க

முதல் நாள் முழுக்க கான் துப்பரவு. ஃபோட்டோக்கு வடிவா இராது, யாரும் லைக் போட மாட்டாங்க, ஆனா இது தான் வேலை. மண்வெட்டி, தாச்சி, உரப்பை இருந்தா காணும். பாதைக்குக் கீழால போற குழாய் வழிய இருக்கிற யோகட் கப்பு, பிளாஸ்டிக் போத்தல், ஆகாயத் தாமரை எல்லாத்தையும் இழுத்து எடுங்க, தண்ணி வெளியேறுற பக்கத்தில இருந்து தொடங்கி மேல் பக்கம் வாங்க. மேல் பக்கத்தை முதல்ல திறந்தா குப்பை முழுக்க அடைஞ்சு கிடக்கிற கீழ்ப் பக்கத்தில போய் இறுகிடும். எடுத்த சேத்தை கானுட ஓரத்திலயே குவிச்சு வைக்கிறது எங்கட நாட்டுப் பழக்கம், அடுத்த மழைக்கு அப்பிடியே திரும்ப உள்ள இறங்கும், பத்தடி தள்ளிக் கொண்டு போய்ப் போடுங்க.

மண் பாதை என்டா தண்ணி அதுட மேல நிக்காம ஒரு பக்கம் வழிஞ்சு போகணும். சரிவான இடத்தில பாதைட வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கணும், நாலடி அகலப் பாதைக்கு ரெண்டு இஞ்சி தாழ்வு காணும், நடக்கிற ஆளுக்கு தெரியவே தெரியாது. கால்பட்டு கால்பட்டு வெளிப்பக்க விளிம்பில மண் வரம்பு கட்டி இருக்கும், அதை வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடியும். ஸ்பிரிட் லெவல் இல்லையென்டா ஒரு டெனிஸ் பந்தை வச்சுப் பாருங்க, அது வெளிப்பக்கம் உருண்டு போனா தண்ணியும் போகும், பாதை வழியே நேர கீழ உருண்டா தண்ணியும் அப்பிடித் தான் ஓடி பாதையை கானாக்கிடும்.

கொழும்புச் சதுப்பு நிலம் மட்டமானது, அங்க வெளிச் சரிவு வேலை செய்யாது. பாதைட நடுவை உயத்தி ரெண்டு பக்கமும் சின்னக் கான் எடுக்கணும். நிரப்பிறதுக்கு களிமண் போடாதீங்க, ஆத்து மணலும் வேணாம், அது கால் வச்ச உடன நகரும். கபுக் (செம்புறைக்கல்) மண்ணில சின்னக் கல்லும் தூளும் கலந்து வாறது தான் நல்லா இறுகும், இல்லையென்டா சல்லியோட குவாரித் தூள் கலந்து போடலாம். ஒரேயடியா ஒரு அடி கொட்டி மேல மட்டும் அடிச்சா உள்ள பொத்தலாவே இருக்கும், மூண்டு நாலு இஞ்சி போட்டு, லேசா தண்ணி தெளிச்சு, அடிச்சு இறுக்கி, பிறகு அடுத்தது. கைல எடுத்துப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், ஆனா கைல ஒட்டக் கூடாது, அந்த ஈரம் தான் சரியான ஈரம்.

ஏத்தமான இடத்தில தண்ணியைத் திருப்ப குறுக்கால கல்லோ கட்டையோ பதிப்பாங்க. அதை நேர் குறுக்கா பதிச்சா மண் வந்து முட்டி ஒரு மழையில நிரம்பிடும். சரிஞ்சு, கிட்டத்தட்ட 45 பாகையில இருக்கணும், மூண்டில ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகணும், தண்ணி வெளியேறுற வாய் பாதைக்கு வெளில நல்லா அகலமா இருக்கணும். அந்த வாய் அடைபட்டா கட்டை இருந்தும் இல்லாதது தான்.

இப்ப பலகை

ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சுத்தியலும் எடுங்க. பலகைட நடுவில குத்திப் பாக்கிறதில பிரயோசனம் இல்ல, நடு எப்பவும் கடைசியாத் தான் உக்கும். பலகை கீழ அதைத் தாங்குற தீராந்தில (குறுக்கு மரம்) முட்டுற இடம், ஸ்க்ரூ போன ஓட்டையைச் சுத்தி, வெட்டின முனை, இந்த மூண்டு இடமும் தான் தண்ணி குடிக்கும். டிரைவரை அமத்தினா நல்ல மரம் எதிர்த்து நிக்கும், உக்கினது வெண்ணெய் மாதிரி உள்ள விடும். கால் இஞ்சிக்கு மேல போச்சென்டா சோக்கால ஒரு புள்ளடி, அது மாத்த வேண்டிய பலகை. சுத்தியலால தட்டினா நல்ல பலகை கணீரென்டு கேக்கும், உள்ள செத்தது பொத்துப் பொத்தென்டு சொல்லும். கறையான் தின்ட பலகை மேல பெயின்ட் அடிச்சு புதுசு மாதிரி மினுங்கும், தட்டினா தான் வண்டவாளம் தெரியும்.

தூண் என்டா தண்ணி மட்டத்தில பாருங்க. முழுக்க தண்ணிக்குள்ள இருக்கிற பகுதி கன காலம் தாங்கும், அங்க காத்து இல்ல, பூஞ்சணத்துக்கு காத்தும் வேணும் ஈரமும் வேணும். ரெண்டும் கிடைக்கிறது தண்ணி ஏறி இறங்கிற அந்த ஒரு அடியில தான். தூணோ தீராந்தியோ போயிருந்தா அது உங்கட வேலை இல்ல. நாடா கட்டி அந்தப் பகுதியை மூடச் சொல்லி பொறுப்பானவைக்கு அறிவிச்சுட்டு, ஒரு பொறியியலாளரோ அனுபவமான மரவேலை பாஸோ வந்து பாக்கிற மட்டும் காத்திருங்க. வொலண்டியர் மாத்தக் கூடியது மேல் பலகை, கைபிடி, படி, போர்ட், இவ்வளவும் தான். இதில வீரம் காட்டினா பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையள் ஒரே இடத்தில ஏறி நிண்டு செல்ஃபி எடுக்கிற நாள் கதை வேற மாதிரி முடியும்.

சாமானுக்கு ஹார்ட்வெயார் என்டா பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் தான், ஆயுதம் செகண்ட் ஹேண்ட் தேடினா பஞ்சிகாவத்தை, பலகைக்கு மொரட்டுவ பக்கம் போனா வெட்டியே தருவாங்க. எந்த மரம் என்டு அந்த இடத்தப் பொறுப்பா வச்சிருக்கிறவை சொல்லுறதை வாங்குங்க, இருக்கிறதோட ஒத்துப் போகணும். மருது தண்ணிக்கு நல்லாத் தாங்கும். தென்னை வாங்கினா வெளிப்பக்க வைரம் உள்ள பலகையை மட்டும் தெரிஞ்செடுங்க, நடுப்பகுதி பஞ்சு மாதிரி, ஒரு மழைக்காலம் தாங்காது. ஸ்க்ரூக்கு காசைப் பாக்காதீங்க, ஸ்டெயின்லெஸ் இல்லையென்டா தடிப்பான கல்வனைஸ். சாதாரண ஆணி அடிச்சா மரம் காஞ்சு சுருங்கிற நேரம் தலையைத் தூக்கும், அதில தான் செருப்பும் காலும் கிழியிறது.

பழைய பலகையைக் கழட்டிற நேரம் ஒரேயடியா பத்துப் பலகையைக் கழட்டாதீங்க, ஒண்டு ரெண்டு கழட்டி, அதை மாத்தி, அடுத்ததுக்குப் போங்க. கழட்டின உடன கீழ தீராந்தில ஒட்டியிருக்கிற மண், இலைக் குப்பை எல்லாம் வயர் பிரஷ்ஷால சுரண்டி எடுங்க, இதை விட்டுட்டு புதுப் பலகை வச்சா ஈரச் சாக்குக்கு மேல மரத்தை வச்ச மாதிரி தான், கீழால இருந்து திரும்ப உக்கும். ரெண்டு இஞ்சிப் பலகைக்கு நாலு இஞ்சி ஸ்க்ரூ, அதாவது பலகைட தடிப்பைப் போல ரெண்டு மடங்கு. முதல்ல டிரில் போட்டு ஓட்டை எடுங்க, விளிம்பில இருந்து ஒரு இஞ்சியாவது உள்ள தள்ளி, இல்லையென்டா முனை வெடிக்கும், வெடிச்ச இடத்தால தண்ணி போகும், ரெண்டு வருசத்தில அந்தப் பலகைக்கும் புள்ளடி தான். ஒவ்வொரு தீராந்திக்கும் ரெண்டு ஸ்க்ரூ. தலை பலகை மட்டத்துக்கு வந்தா காணும், டிரில் கைல இருக்கு என்டு அரை இஞ்சி உள்ள இறக்கினா அது ஒரு சின்னக் குளம்.

ரெண்டு பலகைக்கு இடையில ஒரு நாலு இஞ்சி ஆணிட தடிப்பு அளவுக்கு இடைவெளி விட்டுக் கொள்ளுங்க, தண்ணியும் மண்ணும் அதால விழணும். பலகை பச்சை மரமா, கைல பாரமா, ஈரமா இருந்தா இடைவெளியை குறைச்சு வைங்க, காஞ்சு சுருங்கி தானா விரியும். நல்லாக் காஞ்ச பலகையை நெருக்கி வச்சா மே மாசம் ஊதிப் போய் ஒண்டை ஒண்டு தூக்கும்.

வெட்டின முனைக்கு மரப் பாதுகாப்பு மருந்து பூசணும், அதை கார் பார்க்கில வச்சுப் பூசி காய விட்டுட்டு கொண்டு போங்க. பழைய எஞ்சின் ஒயில் பூசிறது எங்கட ஆக்கள்ட பழைய வழக்கம், வீட்டு வேலிக்கு என்டா உங்கட விருப்பம், சதுப்புத் தண்ணிக்கு மேல வேணவே வேணாம், ஒரு சொட்டு விழுந்தாலும் எவ்வளவு தூரம் படரும் என்டு பாத்தா உங்களுக்கே வெக்கமா இருக்கும். சீமெந்தும் அப்பிடித் தான், தாச்சியையும் கரண்டியையும் கானில கழுவிற பழக்கத்தை விடுங்க, சீமெந்துத் தண்ணி மீனுக்கு நஞ்சு. வாளில கழுவி, அடைய விட்டு, கட்டியை உரப்பைல போட்டு வெளில கொண்டு வாங்க. மரத்தூளுக்கும் கீழ ஒரு தறப்பாள் விரிச்சா காணும்.

வழுக்கல்

உடையிற பலகையால விழுறவையை விட பாசில வழுக்கி விழுறவை தான் கூட. நிழல் விழுற பக்கம் பச்சையா படிஞ்சிருக்கும், காஞ்ச நாள்ல கறுப்பாத் தெரியும். ஜனவரி வெயில்ல காஞ்சிருக்கிற நேரம் முறுக்கான தும்புத்தடியால பலகை ஓடுற திசைக்கே உரஞ்சினா தூளாப் போகும், ஈரமா இருக்கிற நேரம் உரஞ்சினா பசை மாதிரி பூசுப்படும். குளோரின், ப்ளீச் எதுவும் தண்ணிக்கு மேல ஊத்தாதீங்க. மேல இருந்து வெயிலை மறைக்கிற கொப்பை அனுமதியோட கொஞ்சம் வெட்டிவிட்டா பாசி திரும்ப வர நேரம் எடுக்கும், மருந்தை விட வெயில் நல்லா வேலை செய்யும். சரிவான பலகைக்கும் படிக்கும் கம்பி வலை அடிக்கலாம், ஆனா வலைட விளிம்பை உள்ள மடிச்சு அடிங்க, வருசத்துக்கு ஒருக்கா பாத்து துரு ஏறினதை கழட்டுங்க. வலையை அடிச்சுட்டு மறந்து போறதை விட அடிக்காம விடுறது நல்லம்.

மலைப் பக்கம் போறதென்டா

கொழும்பில இருந்து மலைநாட்டுக்கு போய் ஒரு ரெண்டு நாள் வேலை செய்யிற குழுக்களும் இருக்கு, அங்க தான் உண்மையா வின்டர் மாதிரி ஒண்டு கிடைக்கும். ஜனவரி பெப்ரவரில நுவரெலியாவிலயும் ஹோட்டன் சமவெளியிலயும் சில விடியக்காலம் புல்லுக்கு மேல உறைபனி பிடிச்சிருக்கும். அப்ப கல்லுப் படியில கால் வைக்காதீங்க, வெயில் ஏறி எட்டரை ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கினா காணும். சீமெந்து அந்தக் குளிர்ல இறுக கூட நேரம் எடுக்கும், பின்னேரம் போட்ட கொங்கிரீட்டுக்கு மேல அடுத்த நாள் காலம நடக்க விடாதீங்க.

கொழும்பில மழை இல்லையென்டு அங்கயும் இல்லையென்டு நினைக்கக் கூடாது, டிசம்பர் ஜனவரில வடகீழ்ப் பருவக்காத்து மலைட கிழக்குப் பக்கத்தை நல்லா நனைக்கும், நக்கிள்ஸ் கிழக்குச் சரிவு என்டா பெப்ரவரி கடைசி, மார்ச் தான் பொருத்தம். போறதுக்கு முன்னம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுற மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க, மஞ்சள் என்டாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்க, டிக்கட் காசு போனாப் போகட்டும். சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் போயால இருந்து மே வெசாக் மட்டும் சீசன், அந்த வழியில நீங்க கல்லைக் கிளப்பி வச்சுக் கொண்டு நிக்க ஏலாது. கண்டில இருந்து நுவரெலியா மட்டும் 22 கட்டமா 300 கிலோமீட்டருக்கு மேல போற பீக்கோ ட்ரெயில்ட பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால போகுது, அங்க தோட்டத் துரைட அனுமதி ஒரு பக்கம், லயத்தில இருக்கிற ஆக்களோட கதைக்கிறது மற்றப் பக்கம். அந்தப் பாதையால கொழுந்து சுமந்து நடக்கிறது அவங்க, எந்தக் கல்லு மழைக்கு ஆடும் என்டு அவங்களுக்குத் தெரியும். கூலிக்கு ரெண்டு மூண்டு பேரை எடுங்க, சம்பளத்தைக் குறைக்காதீங்க, நீங்க வொலண்டியர் என்டதுக்காக அவங்களும் சும்மா வேலை செய்யணும் என்டு இல்ல.

கல்லுப் படி எப்பவும் கீழ இருந்து மேல கட்டணும். அடிப்படி மண்ணுக்குள்ள நல்லா இறங்கி இருக்கணும், அடுத்த கல்லு அதுட முதுகில ரெண்டு இஞ்சி ஏறி இருக்கணும், அப்ப மேல மிதிக்கிற பாரமே கீழ் கல்லை அமத்திப் பிடிக்கும். ஆறு இஞ்சில இருந்து எட்டு இஞ்சி உயரம், ஒரு அடிக்குக் குறையாத அகலம், அவ்வளவும் தான் கணக்கு. வச்சு முடிஞ்ச கல்லுக்கு மேல ஏறி நாலு மூலையிலயும் மாறி மாறி மிதிச்சுப் பாருங்க, மண்ணைத் திணிச்சு ஆட்டத்தை நிப்பாட்டப் பாக்காதீங்க, மழை அதைக் கழுவிடும், சின்னக் கல்லு ஆப்பு அடிச்சு இறுக்குங்க. கல்லைத் தூக்காதீங்க, அலவாங்கால நெம்பி உருட்டுங்க, ஒரு ஆள் தான் ஓடர் குடுக்கணும், "விடு" என்டா எல்லாரும் விடணும். குழுவில சிங்கள நண்பர்கள் இருந்தா நில், விடு, தூக்கு மூண்டையும் ரெண்டு பாசையிலயும் காலமயே சொல்லிப் பழகுங்க. விரல் போற வேலை இது.

உடம்பு

கொழும்புச் சதுப்பில எனக்கு பாம்பை விட எலிக்காய்ச்சல் பயம். எலிட மூத்திரம் கலந்த தண்ணி கால்ல இருக்கிற சின்னக் கீறல் வழியே போனாக் காணும். பூட்ஸ், கையுறை, காயத்துக்கு தண்ணி போகாத பிளாஸ்டர், வேலை முடிஞ்ச உடன சவர்க்காரம் போட்டுக் கழுவிறது. முன்கூட்டியே குளிசை எடுக்கணுமா என்டு உங்கட பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில கேளுங்க, ஃபார்மசில நீங்களா வாங்கிப் போடாதீங்க. வேலை செஞ்சு ஒண்டு ரெண்டு கிழமைல, சில நேரம் மாசம் ஒண்டு போயும், காய்ச்சல், தசை நோ, கண் சிவப்பு வந்தா டொக்டரிட்ட "சதுப்புத் தண்ணிக்குள்ள நிண்டனான்" என்டு நீங்களே சொல்லுங்க, டெங்குக் காலத்தில எல்லாக் காய்ச்சலையும் டெங்கு என்டு தான் முதல்ல யோசிப்பாங்க.

பாம்பு கடிச்சா கட்டக் கூடாது, கீறக் கூடாது, பாம்பைத் துரத்திக் கொல்லப் போகக் கூடாது. மோதிரம், மணிக்கூட்டைக் கழட்டி, ஆளை அசையாம இருத்தி, 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம். எந்த வாசலுக்கு வரணும் என்டு சொல்ல ஒரு ஆள் ரோட்டில நிக்கணும், இதை காலமயே யார் என்டு முடிவெடுங்க. பலகைக்குக் கீழ கை விடுறதுக்கு முன்னம் தடியால தட்டுங்க. குளவிக் கூடு கண்டா அந்தப் பகுதி அண்டைக்கு வேலை இல்ல, அவ்வளவு தான், கதையே வேணாம்.

எத்தினை பேர்

சதுப்புப் பாதைக்கு எட்டுப் பேர் காணும். கம்பனி டீஷேர்ட் போட்டுக் கொண்டு அறுபது பேர் பஸ்ஸில வந்து இறங்கிற நாள்ல ஒரு பலகையும் மாறாது, பேனர் தான் மாறும், பிறகு லன்ச் ஷீட்டும் தண்ணிப் போத்தலும் பொறுக்கிறதுக்கு எங்களுக்கு இன்னொரு நாள். அப்பிடி ஒரு கூட்டம் வரத்தான் போகுது என்டா கான் துப்பரவுக்கும் கபுக் சுமக்கிறதுக்கும் பிரிச்சு விடுங்க, டிரில்ல கை வைக்க விடாதீங்க. மாசம் ஒருக்கா வாற அதே எட்டுப் பேர், ஒரு மரவேலை பாஸ், கூலி குடுத்தாவது, இது தான் வேலை செய்யிற அமைப்பு. சாப்பாட்டை வீட்டில இருந்து டப்பால கட்டிக் கொண்டு வரச் சொல்லுங்க, பிளேன்டீக்கு ஒரு பெரிய ஃப்ளாஸ்க், பத்து மணிக்கு பணிசும் சம்பலும் இல்லையென்டா பதினொண்டுக்கு எல்லாருக்கும் கோவம் வரும்.

மார்ச் ரெண்டாம் கிழமையோட மர வேலையை நிப்பாட்டுங்க. பின்னேர இடி தொடங்கின பிறகு திறந்த சதுப்புக்கு நடுவில அலவாங்கு பிடிச்சுக் கொண்டு நிக்கிறது புத்திசாலித்தனம் இல்ல. கடைசி நாள் கான்கள்ட வாயை இன்னொருக்கா திறந்து விடுங்க, மாத்தின பலகை நம்பரையும் அடுத்த வருசத்துக்கு விட்ட நம்பரையும் எழுதி ஒரு பிரதியை அந்த அலுவலகத்துக்கும் ஒண்டை வோச்சர் அண்ணாட்டயும் குடுங்க. மிஞ்சின பலகையை நிலத்தில படாம ரெண்டு கட்டைக்கு மேல, இடையில சின்னக் குச்சி வச்சு, காத்துப் போக அடுக்கி மூடுங்க. ஸ்க்ரூ பெட்டிக்குள்ள என்ன சைஸ் என்டு மேல எழுதுங்க. மண்வெட்டிக்கும் வாளுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைங்க.